மேடையில் கேட்டதும் ஆலையில் செய்ததும்: தொழிலாளர் ஆசான் திரு.வி.க.



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது முதலில் தயங்கினேன். கல்லூரி நாட்களின் குறும்புகளை எழுத நம்மில் ஆள் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் எழுதட்டும், நாம் படித்துச் சிரிப்போம். நான் வேறொன்றை எழுதுகிறேன்.

நம் செட்டில் பாதிப் பேர் படிப்பு முடிந்ததும் வடசென்னையிலேயே தங்கிவிட்டோம். துறைமுகத்தில் சிலர், ராயபுரத்தில் சிலர், திருவொற்றியூர், எண்ணூர், மணலி ஆலைகளில் பலர். வேலையில் சேர்ந்த பிறகு நாம் உட்காராத பயிற்சி வகுப்பு உண்டா? பாதுகாப்பு வகுப்பு, தர வட்டம், மேற்பார்வைத் திறன், மன அழுத்தம் குறைக்கும் பயிலரங்கு என்று எத்தனை! இரண்டு நாள் ஏ.சி. அறை, மத்தியானம் நல்ல சாப்பாடு, கடைசியில் ஒரு சான்றிதழ், குரூப் போட்டோ. திங்கட்கிழமை காலை ஷிப்டுக்குள் நுழைந்தால் எல்லாம் பழையபடிதான். நமக்கெல்லாம் தெரிஞ்ச கதைதானே?

எனக்கு அந்தக் கதை கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். நான் மேற்பார்வையாளராக இருந்த இடத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு ஃபிட்டர் இரண்டு நாள் பாதுகாப்பு வகுப்புக்குப் போய் வந்தார். வந்த அன்றே என்னிடம், சார், மெஷினுக்குள்ள கை வைக்கிறதுக்கு முன்னாடி மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணி அவங்கவங்க பூட்டைப் போட்டு, சாவியை அவங்கவங்க பையிலயே வெச்சுக்கணும்னு சொல்லிக் கொடுத்தாங்க, நாமளும் ஆரம்பிக்கலாமா என்று கேட்டார். இன்னிக்கு டார்கெட் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன். அந்த 'அப்புறம்' வரவே இல்லை. நாலு மாதம் கழித்து, ஒரு ஹெல்ப்பர் கை உள்ளே இருக்கும்போது வேறு யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். இரண்டு விரல் போச்சு.

வகுப்பு நன்றாகத்தான் நடந்திருந்தது. ஃபிட்டரும் நன்றாகத்தான் கற்றிருந்தார். கற்றதைச் செய்ய விடாமல் நடுவில் நின்றவன் நான். பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதில் கஷ்டமான பகுதி எது என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. வகுப்பறைக் கதவுக்கும் ஆலைக் கதவுக்கும் இடையே இருக்கும் தூரம்தான் அது. இதே தூரத்தை, இதே வடசென்னையில், நமக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்து பார்த்த ஒரு தமிழாசிரியர் உண்டு. எல்லோருக்கும் தெரிந்த பெயர்தான். திரு.வி.க. அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பரீட்சையை இழந்த மாணவர்

திருவாரூர் விருத்தாசல கலியாணசுந்தரனார் பிறந்தது 1883 ஆகஸ்டு 26. ஊர், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துத் துள்ளம் என்ற சிற்றூர். இப்போது தண்டலம் என்கிறார்கள். முன்னோர் திருவாரூரைச் சேர்ந்தவர்கள் என்பதால் பெயருக்கு முன்னால் அந்த ஊர் ஒட்டிக்கொண்டது. சிறுவயதில் உடல்நலம் கெட்டுக் கை கால் சரியாக இயங்காமல், பள்ளிப் படிப்பே சில ஆண்டுகள் தடைப்பட்டது. பிறகு தேறி, ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் சேர்ந்தார்.

அங்கே அவருக்குக் கிடைத்த பெரிய செல்வம் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை என்ற தமிழாசிரியர். அருட்பா தொடர்பாக எழுந்த வழக்கில் கதிரைவேற்பிள்ளை நீதிமன்றம் ஏற வேண்டி வந்தபோது, மாணவர் கலியாணசுந்தரமும் ஆசிரியருக்காக நீதிமன்றம் போனார். அதனால் பள்ளி இறுதித் தேர்வு போயிற்று. அத்தோடு பள்ளிப் படிப்பும் முடிந்தது.

ஆசிரியர் 1907இல் மறைந்த பிறகு, மயிலை தணிகாசல முதலியாரிடம் தமிழும் சைவ நூல்களும் பாடம் கேட்டார். ஸ்பென்சர் கம்பெனியில் சில காலம் கணக்கு வேலை பார்த்தார். அதாவது, பகலில் வேலையும் மற்ற நேரத்தில் படிப்புமாக வளர்ந்தவர் அவர். வயது வந்த பிறகு கற்பவனின் சிரமம் என்ன என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டார். தன் ஆசிரியர் கதிரைவேற்பிள்ளையின் வரலாற்றை எழுதியதுதான் அவருடைய முதல் நூல் முயற்சி. பட்டம் எதுவும் இல்லாத அந்த இளைஞரை வெஸ்லி பள்ளி ஆசிரியராக ஏற்றுக்கொண்டது. பின்பு வெஸ்லி கல்லூரியில் தலைமைத் தமிழாசிரியராகவும் ஆனார்.

1912இல் கமலாம்பாளை மணந்தார். பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. 1918இல் மனைவியும் காலமானார். அதன் பிறகு அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. அந்த 1918ஆம் ஆண்டுதான் அவர் வாழ்க்கையில் வேறொரு குடும்பம் வந்து சேர்ந்த ஆண்டும். ஆயிரக்கணக்கான தலைகள் கொண்ட குடும்பம் அது.

பெரம்பூர்ச் சபை

1917இல் கலியாணசுந்தரனார் ஆசிரியர் வேலையை விட்டார். நாட்டு விடுதலைக் கிளர்ச்சி மும்முரமான நேரம். அந்த டிசம்பரில் 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியர் ஆனார். ஆங்கிலம் கலந்த மேடைப் பேச்சும், வடமொழி அடர்ந்த பத்திரிகை நடையும் வழக்கமாக இருந்த காலத்தில், தெளிந்த தமிழில் அரசியல் எழுதினார், பேசினார். தமிழ்த்தென்றல் என்ற பட்டம் சும்மா வரவில்லை.

இந்த இடத்தில் நாம் பேசின் பாலத்தைத் தாண்டிப் பெரம்பூர்ப் பக்கம் போக வேண்டும். அங்கே பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம் ஆலை, கர்நாடிக் ஆலை என்ற இரண்டு பெரிய துணி ஆலைகள். ஊர்ப் பேச்சில் 'பி அண்டு சி மில்'. நம்மில் சிலருடைய தாத்தாக்கள் அந்தச் சங்குச் சத்தத்துக்கு எழுந்து ஓடியவர்கள்தான். 1911ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படியே துணி ஆலையில் ஓர் ஆண் தொழிலாளி நாளுக்கு 12 மணி நேரம் வேலை செய்யலாம். மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். அதற்குள் கூட்டத்தில் முண்டியடித்து வெளியே வந்து, கை கழுவி, சாப்பிட்டு, திரும்ப உள்ளே போய்விட வேண்டும். தாமதமானால் கூலி போகும். மேலதிகாரிகளின் ஏச்சும் அடியும் வேறு.

ஆலைக்குப் பக்கத்தில் செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்ற இரு நண்பர்கள் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்ற பக்திச் சபையை நடத்தி வந்தார்கள். ஓய்வு நாளில் தொழிலாளர்கள் வந்து சமயச் சொற்பொழிவு கேட்பார்கள். கேட்டு முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், ஆலையில் படும் பாட்டைச் சொல்லிப் புலம்புவார்கள். இரு நண்பர்களும் அதைக் காது கொடுத்துக் கேட்டார்கள்.

இந்தச் சின்ன விஷயத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பேச வந்தவர்கள் கேட்பவர்களாக மாறினார்கள். இன்று பெரிய பெரிய நிறுவனங்கள் பயிற்சி தொடங்கும் முன் 'தேவை அறிதல்' என்று ஒரு படிவம் கொடுக்கின்றன. அந்தப் படிவம் இல்லாமலே இங்கே தேவை தெரிந்துபோயிற்று.

1918 மார்ச் மாதம் சபையின் சார்பில் நடந்த கூட்டத்தில் திரு.வி.க. பேச அழைக்கப்பட்டார். பக்தி பற்றிப் பேசுவார் என்று வந்தவர்களுக்கு, மேலை நாடுகளில் தொழிலாளர்கள் எப்படி ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தார்கள் என்பதை எடுத்துச் சொன்னார். நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் கூட்டத்தில் பற்றிக்கொண்டது.

பிறகு அந்த நண்பர்கள் அன்னி பெசன்ட் அம்மையாரின் 'நியூ இந்தியா' அலுவலகம் போய், பி.பி. வாடியாவைப் பார்த்தார்கள். பம்பாய்ப் பார்சிக்காரர், தமிழ் தெரியாது. ஆனால் அவர் பெரம்பூருக்கே வந்து தொழிலாளர்களைப் பார்த்தார். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர். திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். செட்டியாரும் நாயுடுவும் செயலாளர்கள். இந்தியாவில் ஒழுங்கான அமைப்போடு தொடங்கிய முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள்.

வாரக் கூட்டம் என்ற பள்ளிக்கூடம்

சங்கத்தின் உயிர் வாரக் கூட்டத்தில்தான் இருந்தது. சனிக்கிழமை வேலை முடிந்து, பஞ்சுத் தூசி அப்பிய உடம்போடு ஆயிரக்கணக்கானவர்கள் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலோருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. வாடியா ஆங்கிலத்தில் பேச, அது தமிழில் சொல்லப்படும். திரு.வி.க. நேராகத் தமிழில் பேசுவார்.

அங்கே என்ன கற்றார்கள்? சந்தா ஏன் தர வேண்டும், கணக்கு எப்படிக் காட்ட வேண்டும் என்று கற்றார்கள். குறையைத் திட்டாகச் சொல்லாமல் விவரமாகச் சொல்லக் கற்றார்கள். ஒருவன் தனியாகப் போய்க் கெஞ்சுவதற்கும், எல்லோரும் சேர்ந்து ஒரு விண்ணப்பம் கொடுப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கற்றார்கள்.

முதலில் கையில் எடுத்தது எது தெரியுமா? உலகப் புரட்சி எதுவும் இல்லைங்க. மதியச் சாப்பாட்டு நேரம்! அரை மணி போதவில்லை என்பது ஒவ்வொருவரும் தினமும் வயிற்றில் உணர்ந்த விஷயம். அதை விவரமாக எழுதி நிர்வாகத்துக்கு விண்ணப்பம் போயிற்று. இடைவேளை 40 நிமிடம் ஆயிற்று. வெறும் பத்து நிமிடம்தானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் சனிக்கிழமை கேட்ட பாடம் அடுத்து வந்த நாட்களில் ஆலைக்குள்ளே, சோற்று மூட்டை பிரிக்கும் இடத்தில், கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த கூட்டத்துக்கு ஆள் கூடியதற்கு அதைவிட வேறு விளம்பரம் எதற்கு?

இதைத்தான் பிற்காலத்தில் ஆராய்ச்சிக்காரர்கள் வேறு மொழியில் சொன்னார்கள். 1988இல் பால்ட்வின், ஃபோர்டு என்ற இரு அமெரிக்க அறிஞர்கள், பயிற்சியில் கற்றது வேலையில் ஏன் இறங்குவதில்லை என்று அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தார்கள். கற்பவர் யார், பயிற்சி எப்படி அமைந்தது, திரும்பிப் போகும் பணியிடம் எப்படி இருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்துதான் பலனை முடிவு செய்கின்றன என்று வகுத்தார்கள். மேலதிகாரியின் ஆதரவும், கற்றதைப் பயன்படுத்தக் கிடைக்கும் வாய்ப்பும் அந்த மூன்றாவதில் அடங்கும். நாம் வகுப்புக்குப் பணம் செலவழிக்கிறோம். மூன்றாவதை மறந்துவிடுகிறோம். பெரம்பூரில் பணியிடத்து மேலதிகாரி ஆதரவு கிடையாது, எதிர்ப்புத்தான். அந்த இடத்தை உடன் வேலை செய்பவர்களின் துணை நிரப்பியது. தறிக்குத் தறி பக்கத்தில் நின்றவனும் அதே பாடத்தைக் கேட்டவன் என்பதால் தைரியம் வந்தது.

பெரம்பூரைப் பார்த்து மற்ற இடங்களிலும் சங்கங்கள் கிளம்பின. எம்.எஸ்.எம். ரயில்வே, டிராம்வே, மண்ணெண்ணெய், அச்சுத் தொழில், அலுமினியம் என்று பல தொழிலாளர் சங்கங்களோடு திரு.வி.க.வுக்குத் தொடர்பு ஏற்பட்டது. 1920இல் 'தேசபக்தனை' விட்டு விலகி, அதே ஆண்டு அக்டோபரில் 'நவசக்தி' வார இதழைத் தொடங்கினார். மேடையில் சொன்னது காற்றோடு போகாமல் காகிதத்தில் நின்றது. எழுத்துத் தெரிந்த ஒருவர் படிக்க, தெரியாத பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பது அந்தக் காலத்து வழக்கம்.

பாடம் தவறிய இடம்

நண்பர்களே, மலருக்கு எழுதுகிறோம் என்பதற்காக வெற்றியை மட்டும் எழுதினால் அது திரு.வி.க.வுக்கே பிடிக்காது. 1920, 1921 ஆண்டுகள் மிகக் கடுமையானவை.

1920 இறுதியில் ஆலையில் தகராறு முற்றிக் கதவடைப்பு வந்தது. டிசம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். தொழிலாளரை ஒப்பந்தம் மீறத் தூண்டியதாகச் சங்கத் தலைவர்கள் மீது கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடை உத்தரவு வாங்கியது. சமரசத்தின்போது வாடியா சங்கத்தோடு தொடர்பை விட்டு விலக வேண்டியதாயிற்று. தொழிலாளருக்கு அறிவுரை சொன்னதற்கே வழக்கு என்றால், நாட்டில் ஒரு சங்கமும் பிழைக்காது என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கியது. அந்த அதிர்ச்சிதான் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு ஒரு முக்கியக் காரணம்.

வாடியா விலகிய பிறகு பாரம் திரு.வி.க. தோளில் ஏறியது. 1921இல் மறுபடி வேலைநிறுத்தம். மாதக்கணக்கில் நீண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். அவர்களுக்குக் கடனும் பசியும் மற்றவர்களைவிட அதிகம். வேலை போனால் திரும்பிப் போக நிலமோ உறவோ இல்லாதவர்கள் பலர். வேலைநிறுத்தத்தில் அவர்கள் சேர வேண்டாம் என்று எம்.சி. ராஜா போன்ற தலைவர்கள் கருதியதற்கும் காரணம் இருந்தது. ஆனால் தெருவில் அதை யார் நிதானமாக யோசித்தார்கள்? புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. கலவரம், மறுபடி துப்பாக்கிச் சூடு, உயிர்ச் சேதம். அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. ஆளுநர் வில்லிங்டன் திரு.வி.க.வை நாடு கடத்தவே நினைத்தார். அரசியலில் எதிர்த் தரப்பில் இருந்த நம் வண்ணாரப்பேட்டை தியாகராய செட்டியார் குறுக்கே நின்று அதைத் தடுத்தார் என்பதை இங்கே மறக்கக் கூடாது.

சமரச சன்மார்க்கம் பேசியவர் திரு.வி.க. சாதி வேற்றுமையை அவர் ஒருநாளும் ஆதரித்தவர் அல்ல. கேட்டவர்களும் கை தட்டித்தான் கேட்டார்கள். சாப்பாட்டு நேரப் பாடம் ஆலைக்குள் இறங்கியது, சமத்துவப் பாடம் மட்டும் ஏன் சேரிக்கும் ஊருக்கும் இடையே இறங்கவில்லை?

என் சிற்றறிவுக்குப் பட்டதைச் சொல்கிறேன். சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு செயல் இருந்தது. விண்ணப்பம் எழுதினார்கள், கொடுத்தார்கள், விளைவு என்ன என்று அடுத்த கூட்டத்தில் பேசினார்கள். சமத்துவத்துக்கு அப்படி ஒரு செயல் இல்லை. யார் வீட்டில் யார் சாப்பிடுவது, வேலைநிறுத்தத்தில் முதலில் பட்டினி கிடப்பவன் யார், அவனுக்கு அரிசி யார் தருவது என்ற கேள்விகள் வேலை செய்யும் இடத்திலும் வாழும் தெருவிலும் நடந்து பழகியிருக்க வேண்டியவை. பழகாத பாடம் நெருக்கடி நேரத்தில் கை கொடுக்காது. என் ஃபிட்டரின் பூட்டும் அப்படித்தான் காகிதத்திலேயே நின்றுபோயிற்று.

விடாமல் நின்றவர்

வேறு ஒருவராக இருந்தால் 1921க்குப் பிறகு ஒதுங்கியிருப்பார். இவர் ஒதுங்கவில்லை. உடைந்த சங்கத்தை மறுபடி மறுபடி கூட்டினார். 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் நாட்டின் முதல் மே நாளைக் கொண்டாடினார். வழிகள் வேறுபட்டாலும் தொழிலாளர் என்ற ஒரே இடத்தில் இருவரும் சந்தித்துக்கொண்டார்கள். காந்தியமும் பொதுவுடைமையும் சைவமும் திரு.வி.க. உள்ளத்தில் ஒன்றாகக் குடியிருந்தன.

1925இல் காஞ்சிபுரம் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் அங்கே ஏற்கப்படாமல் போக, பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். அந்த நிகழ்ச்சிக்குப் பிறகும் இருவருக்கும் இடையே மரியாதை குறையவில்லை. 'மனித வாழ்க்கையும் காந்தியடிகளும்', 'பெண்ணின் பெருமை', 'முருகன் அல்லது அழகு' என்று நூல்கள் வரிசையாக வந்தன. 1944இல் தம் 'வாழ்க்கைக் குறிப்புகள்' நூலை வெளியிட்டார். தொழிலாளர் இயக்கத்தின் தொடக்க வரலாற்றைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அதைத் தேடிப் படிக்கலாம்.

1947இல் பி அண்டு சி ஆலையில் மறுபடி நீண்ட வேலைநிறுத்தம். தான் பாடுபட்டு வளர்த்த காங்கிரசின் ஆட்சி. அந்த ஆட்சியே அவரை வீட்டுக் காவலில் வைத்தது. அப்போது வயது 63. நேற்றைய தோழர்கள் இன்று ஆட்சியில் இருக்கிறார்கள் என்பதற்காகத் தொழிலாளர் பக்கத்திலிருந்து அவர் நகரவில்லை. கடைசிக் காலத்தில் பார்வை போயிற்று. அப்போதும் வாயால் சொல்லி, பிறரை எழுத வைத்தார். 1953 செப்டம்பர் 17 அன்று காலமானார். சொத்து என்று சொல்ல ஒன்றும் சேர்க்கவில்லை. பெரம்பூர்ப் பக்கத்தில் அவர் பெயரால் திரு.வி.க. நகர் இருக்கிறது. ஆலைகள் 1996இல் மூடப்பட்டுவிட்டன.

நமக்கு என்ன?

அவர் மறைந்து ஐந்து ஆண்டு கழித்து, 1958இல் மத்திய அரசு தொழிலாளர் கல்வி வாரியம் அமைத்தது. அதன் ஏற்பாடு நம் கதைக்கு நெருக்கமானது. ஆலையிலிருந்தே சில தொழிலாளர்களைத் தேர்ந்தெடுத்து ஆசிரியர்களாகப் பயிற்சி கொடுப்பது, அவர்கள் திரும்பிப் போய்த் தங்கள் ஆலையிலேயே உடன் வேலை செய்பவர்களுக்கு வகுப்பு நடத்துவது. கற்றவர் தனியாகத் திரும்பிப் போனால் பாடம் தேய்ந்துவிடும், கூட நாலு பேர் வேண்டும் என்ற அனுபவம் அதில் இருக்கிறது.

விபத்துக்குப் பிறகு நான் என் ஷாப்பில் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். பெருமைக்கு இல்லை, இன்னும் பொறுப்பில் இருக்கும் தம்பி தங்கைகளுக்குப் பயன்படுமே என்றுதான்.

யாராவது வகுப்புக்குப் போகும் முன் அவரோடு ஐந்து நிமிடம் உட்கார்ந்து, நம்ம ஷாப்பில் உனக்கு எது தொந்தரவு, அதுக்கு அங்கே வழி கிடைக்குதான்னு பாரு என்று சொல்லி அனுப்பினேன். தனியாக அனுப்பாமல் இரண்டு பேராக அனுப்பினேன். திரும்பி வந்ததும் நோட்டுப் புத்தகம் முழுவதையும் கேட்கவில்லை. இந்த வாரத்துக்குள் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டேன். அதைச் செய்வதற்கு வேண்டிய நேரத்தை டார்கெட்டில் கழித்துக் கொடுத்தேன். மேலிடத்தில் இதற்காகத் திட்டு வாங்கியதும் உண்டு. சனிக்கிழமை ஷிப்ட் முடியும் முன் பத்து நிமிடம் எல்லோரும் மெஷின் பக்கத்தில் நின்று, செஞ்சோமா, என்ன ஆச்சு என்று பேசினோம். சரியாக வரவில்லை என்றால் அதையும் சொல்லலாம், யாரும் சிரிக்கக் கூடாது என்பது ஒரே விதி.

முதலில் வந்த ஒன்று அந்தப் பூட்டுத்தான். ஆளுக்கொரு பூட்டு, ஆளுக்கொரு சாவி. எனக்கு யோசனை சொன்ன அதே ஃபிட்டர்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். நான் ஓய்வு பெறும் வரை அந்த ஷாப்பில் இன்னொரு விரல் போகவில்லை. ஆனால் போன இரண்டு விரல் போனதுதான். அந்த ஹெல்ப்பரை வழியில் பார்க்கும்போதெல்லாம் அவர்தான் முதலில் வணக்கம் சொல்வார். எனக்குக் கை தூக்கக் கூச்சமாக இருக்கும்.

நம் கல்லூரியில் நமக்குப் பாடம் சொன்ன ஆசிரியர்கள் இந்தச் சந்திப்புக்கு வருகிறார்கள். காலில் விழுந்து வணங்குவோம், சால்வை போடுவோம். அதோடு, அவர்கள் சொன்ன எதை நாம் வேலையில் செய்து பார்த்தோம் என்று ஒவ்வொருவரும் ஒன்றே ஒன்று அவர்களிடம் சொல்வோம். ஆசிரியருக்கு அதைவிடப் பெரிய சால்வை கிடையாது. பரீட்சையை விட்டுவிட்டுத் தன் ஆசிரியருக்காக நீதிமன்றம் போன மாணவர் பின்னாளில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஆசானாக நின்றதும் அந்த நன்றியில்தான் தொடங்கியது.

சந்திப்பு சிறக்க வாழ்த்துகள். இன்னும் ஷாப்பில், ஆபீசில், துறைமுகத்தில் பொறுப்பில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வகுப்பு முடிந்து வருகிறவர் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், அப்புறம் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
ஒரு முன்னாள் மாணவர், திருவொற்றியூர்